ஐஸ்லாந்தின் பெயர்ப் பட்டியல்: ஒரு திருத்தம்

ஐஸ்லாந்தில் அரசு வெளியிட்ட பட்டியலிலிருந்துதான் குழந்தைக்குப் பெயர் வைக்க வேண்டும், புதுப் பெயருக்கு அங்கே இடமே இல்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதையே எடுத்துச் சொல்லி வருகிறார்கள். பாதிதான் சரி.

பட்டியல் இருக்கிறது, ஆனால் அது மூடிய பட்டியல் அல்ல. அதில் இல்லாத பெயரை விரும்பும் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். மூன்று பேர் கொண்ட பெயர்க் குழு அதைப் பரிசீலிக்கும். ஐஸ்லாந்து மொழியின் வேற்றுமை உருபை அந்தப் பெயர் ஏற்குமா, எழுத்துமுறைக்குப் பொருந்துமா, குழந்தைக்குச் சங்கடம் தருமா என்றெல்லாம் பார்க்கும். ஏற்றுக்கொண்டால் பெயர் பட்டியலில் சேரும். அப்படித்தான் அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. சில பெயர்களை நிராகரிப்பதும் உண்மைதான். குழுவின் கெடுபிடி அங்குள்ளவர்களுக்கே எரிச்சல்தான். ஆனாலும் குழு சொன்னதே முடிந்த முடிவு அல்ல. ஆண்பெயர் என்று மறுக்கப்பட்ட 'பிளைர்' என்ற பெயரை ஒரு சிறுமி வைத்துக்கொள்ளலாம் என 2013 ஜனவரியில் ரெய்க்யவிக் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-இல் வந்த சட்டம் ஆண்பெயர், பெண்பெயர் என்ற கட்டுப்பாட்டையே நீக்கிவிட்டது.

சரிபார்ப்பது எளிது. ஐலண்ட்.இஸ் (island.is) என்ற அந்நாட்டு அரசுத் தளத்தில் எந்தப் பெயரையும் தட்டித் தேடலாம். குழுவின் முடிவுகளும் காரணங்களோடு, தேதிவாரியாக அரசுத் தளத்தில் வெளியாகின்றன. மொழி புரியாவிட்டாலும் உலாவியின் மொழிபெயர்ப்பு போதும். விதிகளையே படிக்க விரும்பினால் 1996-ஆம் ஆண்டின் 45-ஆம் எண் சட்டத்தைத் தேடுங்கள். ஐந்தாம் பிரிவைப் பார்த்தாலே போதும்.