பார்த்துச் செய்வதில் குரங்கு நம்மிடம் தோற்றுவிடும்

மூளை பெரிதானதால்தான் மனிதருக்குப் பண்பாடு வந்தது என்று யாராவது சொன்னால் குறுக்கே பேசாமல் இருக்க என்னால் முடிவதில்லை. பாதிக் கதையைத் தலைகீழாகச் சொல்கிறார்கள். பிறரைப் பார்த்துக் கற்கும் பழக்கம் பலன் தந்தது. அந்தப் பலனை அள்ளத்தான் மூளை மேலும் மேலும் வளர்ந்தது என்ற விளக்கமே எனக்குச் சரியாகப் படுகிறது.

குரங்கு பார்த்ததை அப்படியே செய்யும், மனிதன் யோசித்துச் செய்வான் என்று நாம் நம்புகிறோம். விக்டோரியா ஹார்னரும் ஆண்ட்ரூ வைட்டனும் 2005இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஒரு பெட்டி, உள்ளே ஒரு பரிசு. செய்து காட்டுபவர் முதலில் மேல்துளையில் குச்சியை விட்டுக் குத்துகிறார். பிறகு முன்கதவைத் திறந்து பரிசை எடுக்கிறார். உள்ளே தெரியாத பெட்டியாக இருந்தபோது சிம்பன்சிகள் இரண்டையும் செய்தன. ஒளி ஊடுருவும் பெட்டியைக் கொடுத்ததும், மேலே குத்துவதற்கும் பரிசுக்கும் தொடர்பே இல்லை என்று கண்டுகொண்டு, பெரும்பாலும் நேராகக் கதவுக்குப் போய்விட்டன. மூன்று நான்கு வயதுக் குழந்தைகளோ, எல்லாம் கண்ணெதிரே தெரிந்தும், குத்தவேண்டிய குத்தைக் குத்திவிட்டுத்தான் கதவைத் தொட்டார்கள்.

படித்தவுடன் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. ஆனால் காரணம் புரியாவிட்டாலும் முழுவதையும் அப்படியே எடுத்துக்கொள்ளும் அந்தக் குணம் இல்லாமல் நம் இனம் பிழைத்திருக்காது. 1861இல் ஆஸ்திரேலியாவின் கூப்பர் கிரீக் ஓடையருகே உணவு தீர்ந்து சிக்கிக்கொண்ட பர்க், வில்ஸ், கிங் என்ற மூன்று பயணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கு வாழ்ந்த யாண்ட்ருவாந்தா மக்கள் நார்டூ என்ற நீர்ப்பெரணியின் விதை போன்ற காய்களை இடித்து அடை செய்து உண்பதை அவர்கள் பார்த்தார்கள். தாங்களும் சேகரித்தார்கள், அரைத்தார்கள், வயிறு நிறையத் தின்றார்கள். தின்னத் தின்ன மெலிந்தார்கள். அந்தத் தாவரத்தில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. உள்ளூர் மக்களின் தயாரிப்பு முறை அதன் வீரியத்தைக் குறைத்தது, பயணிகள் அந்த முறையை முழுதாகப் பின்பற்றவில்லை என்பது பலரும் ஏற்கும் விளக்கம். பர்க்கும் வில்ஸும் இறந்துபோனார்கள். யாண்ட்ருவாந்தா மக்களிடம் போய்ச் சேர்ந்து அவர்களோடு வாழ்ந்த கிங் மட்டும் மீட்கப்பட்டார். நொதி என்ற ஒன்று உண்டு என்பது யாண்ட்ருவாந்தா மக்களுக்கும் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. முன்னோர் செய்ததில் ஒரு படியையும் விடாமல் செய்தால் போதும்.

2007இல் வெளியான இன்னொரு ஆய்வு இதையே வேறு பக்கமிருந்து காட்டியது. இரண்டரை வயதுக் குழந்தைகள் 105 பேர், சிம்பன்சிகள் 106, ஒராங்குட்டான்கள் 32. இடம், எண்ணிக்கை, காரண காரியம் ஆகியவற்றைச் சோதித்தபோது குழந்தைகளும் சிம்பன்சிகளும் ஏறத்தாழ ஒரே நிலையில்தான் இருந்தார்கள். பிறரைப் பார்த்துக் கற்பது உள்ளிட்ட, பிறரோடு பழகும் திறன்களைச் சோதித்தபோது மட்டும் குழந்தைகள் வெகுதூரம் முன்னால் போய்விட்டார்கள். தனித்தனியாக நாம் அப்படியொன்றும் மேதைகள் இல்லை.

மூளைக்கு வருவோம். உடல் எடையில் 2 சதவீதம். ஓய்வில் இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்கே போகிறது. இவ்வளவு செலவு வைக்கும் உறுப்பு சும்மா வளராது. தானே தவறு செய்து தானே கற்கவேண்டிய உயிருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாவது கடினம். சுற்றிலும் விஷயம் தெரிந்த பெரியவர்கள் இருந்தால் கணக்கு மாறுகிறது. ஆக்டோபஸைப் பாருங்கள். ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்கள், அபாரமான சாமர்த்தியம். ஆனால் பெரும்பாலான இனங்களில் முட்டை பொரியும் தறுவாயில் தாய் இறந்துவிடுகிறது. ஒவ்வொரு குஞ்சும் சுழியிலிருந்து தொடங்குகிறது. அதற்கு நேர்மாறாக, பம்பிள் பீ என்ற பருத்த தேனீயின் மூளை குண்டூசித் தலையளவு. அதற்கும் 2024இல் ஒரு சோதனை வைத்தார்கள். இரண்டு படியில் திறக்கவேண்டிய பெட்டியைத் தேனீக்களால் தாமாகத் திறக்க முடியவில்லை. பயிற்சி பெற்ற தேனீ திறப்பதைக் கூடவே இருந்து பார்த்தவற்றில் சில கற்றுக்கொண்டன.

முகநூலில் அடிக்கடி சுற்றும் ‘நூறாவது குரங்கு’ கதையையும் இங்கே தீர்த்துவிடுகிறேன். ஜப்பானின் கோஷிமா தீவில் 1953இல் இமோ என்ற இளம் பெண் குரங்கு சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தண்ணீரில் கழுவித் தின்னத் தொடங்கியது உண்மை. நூறாவது குரங்கு கற்றதும் கடல் தாண்டியிருந்த குரங்குகளுக்கெல்லாம் அது தானாகத் தெரிந்துவிட்டது என்பது சுத்தப் பொய். பழக்கம் விளையாட்டுத் தோழர்களிடமும் தாயிடமும் தொடங்கி, பிறகு தாயிடமிருந்து குட்டிக்கு என்று ஆண்டுக்கணக்கில் மெதுவாகப் பரவியது. வயது முதிர்ந்த ஆண் குரங்குகள் பெரும்பாலும் கற்கவே இல்லை. உண்மைக் கதையே இவ்வளவு சுவையாக இருக்கும்போது மந்திரம் எதற்கு?

பார்த்துக் கற்பதெல்லாம் நன்மைக்கே என்றும் சொல்லமாட்டேன். கப்பி மீன்களில் சிலவற்றை உணவுக்குச் சுற்றுவழியில் போகப் பழக்கினார்கள். அவற்றோடு சேர்ந்து நீந்திய புதிய மீன்களும் சுற்றுவழியையே பிடித்துக்கொண்டன, குறுக்குவழி பக்கத்திலேயே திறந்திருந்தும். உண்மைக்கும் வதந்திக்கும் ஒரே வாசல்தான்.

விலங்குக்கும் நமக்கும் வேறுபாடே இல்லை என்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. நாம் பிறரிடம் கற்றது தலைமுறை தலைமுறையாக ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிகிறது. விலங்குகளிடம் அப்படிக் குவிவது மிக அரிது. நமக்கும் அது நீண்ட காலம் குவியவில்லை. கைக்கோடரி என்ற கற்கருவி பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிய மாற்றமில்லாமல் இருந்தது. அதே காலத்தில் மூளை வளர்ந்துகொண்டே போனது. பெரிய மூளை மட்டும் போதாது, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க நிறையப் பேர் தொடர்பில் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்தத் தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியாவின் ரீஜண்ட் ஹனிஈட்டர் பறவைகளிடம் பார்க்கலாம். காட்டில் சில நூறுதான் மிச்சம். இளம் ஆண்கள் மூத்த ஆண்களிடம் பாட்டுக் கற்கவேண்டும்; மூத்தவை அருகில் இல்லாததால் சில ஆண்கள் வேறு இனப் பறவைகளின் பாட்டைப் பாடுவதாக 2021இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. அப்படிப் பாடுபவற்றுக்கு இணை கிடைப்பது குறைகிறது. அமெரிக்காவில் புது இடத்தில் கொண்டுபோய் விடப்பட்ட பெருங்கொம்புச் செம்மறிகளுக்கும் இதே கதிதான்: பசும்புல்லைத் தேடி மலையேறி இறங்கும் பருவப் பயணத்தை அந்த மந்தைகள் மீண்டும் கற்றுக்கொள்ளப் பல பத்தாண்டுகள் பிடித்தன. இவ்வளவு தெரிந்த பிறகும் உயிரினப் பாதுகாப்பு என்றால் தலைகளை எண்ணுவதோடு நிறுத்திக்கொள்வது எனக்கு எரிச்சலூட்டுகிறது. வழி தெரிந்த கிழட்டு ஆடும் பாட்டுத் தெரிந்த கிழட்டுப் பறவையும் அந்தக் கணக்கில் வெறும் ஒன்று.