விதையைச் சேமிக்கும் உரிமை விதைக்குள்ளும் இருக்க வேண்டும்

பால் கவரில் மண் நிரப்பி ஐந்தாறு எலுமிச்சை விதைகளை ஊன்றி வைத்திருந்தேன். இன்று காலை தண்ணீர் ஊற்றும்போது கவனித்தேன், ஒரே விதையிலிருந்து மூன்று முளைகள் வந்திருக்கின்றன. இரண்டு ஒரே உயரம், ஒரே பச்சை. மூன்றாவது குட்டையாக, இலை சற்று வெளிறி நிற்கிறது.

நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. எலுமிச்சையை விதை போட்டு வளர்த்தாலும் பெரும்பாலும் தாய்மரம் போலவே காய்க்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த விதைக்குள் மகரந்தம் சேர்ந்து உருவான கரு ஒன்று இருக்கலாம். மற்றவை சூலுக்குள் இருக்கும் தாயின் திசுவிலிருந்தே நேரடியாகக் கிளம்பிய கருக்கள். அவற்றுக்குத் தகப்பன் கிடையாது, அப்படியே தாயின் அச்சு. இதற்கு அபோமிக்சிஸ் என்று பெயர். கருவுறா விதையாக்கம் என்று தமிழில் சொல்லலாம். குற்றாலத்தில் சீசனுக்குப் போனால் வாங்குகிறோமே, அந்த மங்குஸ்தானின் விதையும் இப்படி உண்டாவதுதான். ஆடு மேயும் கொழுக்கட்டைப் புல்லும் இந்த வகைதான்.

இந்த மூன்று முளைகளைப் பார்த்ததும் எங்கள் மக்காச்சோளக் காடு நினைவுக்கு வந்துவிட்டது.

பெரம்பலூர்ப் பக்கம் மானாவாரிக் காடு எங்களுடையது. ஆண்டுதோறும் வீரிய ஒட்டு விதை மூட்டை வாங்கித்தான் விதைப்போம். ஒரு வருடம் கையில் காசில்லை. முந்தைய அறுவடையில் முழங்கை நீளத்துக்கு மணி பிடித்திருந்த கதிர்களாகப் பார்த்துப் பொறுக்கி, அப்பா விதைக்கு எடுத்து வைத்திருந்தார். மழை நன்றாகவே பெய்தது, உரமும் வைத்தோம். ஐம்பதாம் நாள் போய்ப் பார்த்தால் ஒரு செடி தலைக்கு மேல், பக்கத்துச் செடி இடுப்பளவு. ஒன்று உச்சியில் ஆண்பூவான பூட்டை வந்து முடிந்திருந்தது, இன்னொன்றில் இன்னும் வரவே இல்லை. கதிரை உரித்தால் பல் விழுந்த வாய் மாதிரி இடைவெளி. “ஒரே காட்டில் நாலு ஊர்ச் சோளம் நிற்கிறதே” என்றார் அப்பா. அதற்குப் பிறகு அவர் விதை எடுத்து வைக்கவே இல்லை.

அவர்மேல் ஒரு பிழையும் இல்லை. வேறுபட்ட இரண்டு பெற்றோர் வரிசைகளைக் கலந்தால் முதல் தலைமுறைக்கு வீரியம் வருகிறது. அதன் விதையை மறுபடி விதைத்தால் அந்தச் சேர்க்கை கலைந்து, மரபணுக்கள் பிரிந்து வேறு வேறு விதமாகச் சேர்ந்துவிடுகின்றன. ஆண்டுதோறும் விதைக்கடை வாசலில் நாம் நிற்பதற்கு இதுவே காரணம்.

பெற்றோரின் குணம் பிள்ளைக்கு எப்படிப் போகிறது என்ற விதிகளைப் பட்டாணியில் கண்ட அறிவியலாளர் மெண்டல் அடுத்து ஹைராசியம் என்ற செடியில் இறங்கினார். 1869இல் அதைப் பற்றி ஒரு கட்டுரையும் வாசித்தார். பட்டாணியில் கண்டது அங்கே பொருந்தவில்லை. கலப்புச் செடியின் பிள்ளைகள் பிரியாமல், தாயைப் போலவே வந்துகொண்டிருந்தன. அந்தச் செடி கருவுறாமல் விதை தருவது என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவரைக் குழப்பிய அந்தக் குணம்தான் எங்கள் காட்டுக்கு வேண்டியது. அது இருந்தால் வீரிய ஒட்டில் எடுத்து வைத்த விதையும் கலையாமல் தாயைப் போலவே வரும்.

நெல்லில் அதைச் செய்தும் காட்டிவிட்டார்கள். 2019இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் வெங்கடேசன் சுந்தரேசன், இம்தியாஸ் காண்டே ஆகியோரின் குழு இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்தது. மூன்று மரபணுக்களைச் செயலிழக்கச் செய்து, முட்டைச் செல் உருவாகும்போது மரபணுத் தொகுதி பாதியாகக் குறையாமல் தடுத்தார்கள். வழக்கமாக ஆண் அணுவின் பக்கத்திலிருந்து வரும் ‘கருவாகு’ என்ற தூண்டலை முட்டைச் செல்லே தனக்குக் கொடுத்துக்கொள்ளும்படியும் மாற்றினார்கள். அப்போது அதிகபட்சமாக 29 விழுக்காடு விதைகள்தான் தாயின் நகலாக வந்தன. 2022இல் பிரான்ஸின் சிராட் ஆய்வு நிறுவனத்தினரும் சேர்ந்து, ஒரு வீரிய ஒட்டு நெல்லில் அதை 95 விழுக்காட்டுக்கு மேல் கொண்டுபோய்விட்டார்கள். நாம் உண்ணும் அரிசியின் மாவுப்பகுதி மட்டும் வழக்கம்போல மகரந்தம் சேர்ந்தே உண்டாகிறது.

இனி என் ஆதங்கத்துக்கு வருகிறேன். பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001இல் வந்தது. உழவர் தன் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பெயர் பொறித்த மூட்டையாக அல்லாமல் விற்கவும் செய்யலாம் என்கிறது அதன் 39ஆம் பிரிவு. அருமையான பிரிவு. ஆனால் வீரிய ஒட்டு போடுகிறவனுக்கு அதனால் என்ன பயன்? சட்டம் தடுக்காததை விதையே தடுத்துவிடுகிறது. அந்தப் பூட்டுக்கு இப்போது சாவி வந்திருக்கிறது. அது யார் கைக்குப் போகிறது என்பதுதான் என் கவலை. 1998இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய ஆய்வாளர்கள், இந்த நுட்பம் எல்லோருக்கும் நியாயமாகக் கிடைக்க வேண்டும் என்று அறிக்கையே வெளியிட்டார்கள். அது வெறும் காகிதமாகக் கிடக்கக் கூடாது. நம் வேளாண் பல்கலைக்கழகங்களும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் பொதுப் பணத்தில் இதைச் செய்து, விதை எடுத்து வைக்கும் உரிமையோடு உழவரிடம் கொடுக்க வேண்டும்.

எனக்கு அச்சமும் இருக்கிறது. 2018இல் படைப்புழு வந்தபோது மக்காச்சோளக் குருத்துகள் சல்லடையானதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஒரே நகலைப் பத்து வருடம் ஊர் முழுக்க விதைத்தால், அடுத்து வரும் பூச்சிக்கோ நோய்க்கோ நாமே விருந்து வைத்ததாகிவிடும். அதனால் ஒரு ரகம் போதாது, பல ரகங்கள் வர வேண்டும், அவற்றை மாற்றிக்கொண்டே இருக்கவும் வேண்டும். மகரந்தத்தின் வழியே இந்தக் குணம் அண்டை வயலின் பாரம்பரிய நெல்லுக்குள் புகுமா என்பதையும் வெளிப்படையாகச் சோதித்த பிறகே வயலுக்கு விட வேண்டும். இதில் அவசரம் கூடவே கூடாது.

இந்த மாத விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுக்க மனு எழுதி வைத்திருக்கிறேன். உரத் தட்டுப்பாடு, பயிர்க் காப்பீடு என்று போகும் கூட்டத்தில் இதற்கு எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று தெரியவில்லை. அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கம் இருந்து வருகிறவர்கள் சொல்லுங்கள், கையெழுத்துக்கு மனுவில் இடம் விட்டிருக்கிறேன்.