குக்கரில் நாலு விசில்

போன ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் கொட்டாஞ்சேனையில் ஒரு கிலோ மாட்டிறைச்சி வாங்கினேன். பையைக் குசினியில் வைப்பதற்குள் அம்மா போனை நீட்டினார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு. யாரோ பதறிப் பதறிச் சொல்கிறார்: விசர் மாட்டு நோய் வருகிறதாம், இறைச்சியை நன்றாக அவித்துத்தான் சாப்பிட வேண்டுமாம். அம்மா முடிவே எடுத்துவிட்டார். "இண்டைக்கு நாலு விசில் விடுறன். எல்லாம் செத்துப்போகும்."

எனக்குக் கோபம் அந்த 'நன்றாக அவியுங்கள்' மேல்தான்.

விசர் என்றதும் நமக்கு நாய்க்கடி ஞாபகம் வரும். அது வைரஸ், சூட்டில் அழியும். மாட்டு நோயில் சாவதற்கு ஒரு கிருமியும் கிடையாது. நம் எல்லோர் மூளையிலும் இருக்கும் ஒரு புரதம் பிழையாக மடிந்துவிடுகிறது. பிழையாக மடிந்தது பக்கத்தில் உள்ள நல்லதையும் தன்னைப்போல மடிக்கிறது. ஒரு கரண்டி உறைமோர் சட்டிப் பாலையும் தயிராக்குகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உறைமோரிலாவது உயிர் இருக்கிறது! 1982இல் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டான்லி புரூசினர் இதற்குப் பிரியான் என்று பெயர் வைத்தபோது விஞ்ஞானிகள் பலர் நம்பவில்லை. 1997இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிகளில் 134 பாகையில் 18 நிமிடம் நீராவியில் வைத்தாலும் முழுக்கப் போய்விடும் என்று சொல்ல முடியாது. உடல் பாகங்களைக் கெடாமல் வைக்கும் ஃபோர்மலினில் போட்டால் இன்னும் உறுதியாகிறது. நம் குக்கர் எம்மாத்திரம்?

சரி, அப்போ பயப்பட வேண்டியது எங்கே? மாட்டின் தீவனத்தில்.

பிரித்தானியாவில் 1986இல் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. செத்த மாடு, ஆட்டின் கழிவை உருக்கி, இறைச்சி எலும்பு மாவாக்கி, திரும்ப மாட்டுக்கே போட்டிருக்கிறார்கள். புல் தின்கிற பிராணிக்கு! 1988இல் தடை வந்தது. ஆனால் பன்றிக்கும் கோழிக்கும் அதே மாவு தொடர்ந்து போனது, அரைக்கும் ஆலையும் பல இடங்களில் ஒன்றுதான். தடைக்குப் பிறகு பிறந்த மாடுகளில் மட்டும் 40,000க்கு மேல் நோய்ப்பட்டன. உள்ளூர் மாட்டுக்கு வேண்டாம் என்று நிறுத்திய மாவைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்கும் ஆசிய நாடுகளுக்கும் விற்றார்கள். இந்த ஒரு வரியை வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

1990இல் விவசாய அமைச்சர் ஜோன் கம்மர் கமராக்களுக்கு முன்னால் தன் நாலு வயது மகளுக்கு மாட்டிறைச்சி பர்கர் ஊட்டப் பார்த்தார், பயமில்லை என்று காட்ட. 1996 மார்ச்சில் அதே கட்சியின் அரசாங்கம் பாராளுமன்றத்தில் எழும்பி, மனிதருக்கு வந்த புது மூளை நோய்க்கும் மாட்டுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்றது. அந்த நோயில் அங்கே செத்தவர்கள் 178 பேர். பெரும்பாலும் இருபது, முப்பது வயதுப் பிள்ளைகள். முதலில் மனச்சோர்வு, பிறகு நடை தடுமாறும், கடைசியில் பேச்சே இராது. நோய் தொடங்கியதிலிருந்து சாவு வரை சராசரி 14 மாதம்.

எங்கள் மாமா 87இலிருந்து 95 வரை லண்டனில் ஒரு பர்கர் கடையில் இரவு வேலை. மிஞ்சிய பர்கர்தான் அவருக்குச் சாப்பாடு. பிறகு சிட்னிக்குப் போனார். 1980க்கும் 1996க்கும் இடையில் பிரித்தானியாவில் ஆறு மாதம் இருந்திருந்தால் அவுஸ்திரேலியாவில் தானமாக இரத்தம் எடுக்கமாட்டார்கள். 2022இல்தான் அந்த விதியை நீக்கினார்கள். "என்ர ரத்தத்தை நானே சந்தேகமாப் பாத்துக்கொண்டு இருந்தனான் தம்பி" என்றார் ஒருமுறை. அவர் எத்தனை விசில் விட்டிருந்தாலும் அது மாறியிருக்காது.

இன்னொன்று. இதே பிரியானால், ஆனால் மாட்டோடு சம்பந்தமே இல்லாமல் தானாக வரும் குரொய்ட்ஸ்ஃபெல்ட் யாக்கோப் நோய் உலகம் முழுக்க வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர், இருவருக்கு வரும். இலங்கையின் சனத்தொகைக்குக் கணக்குப் போட்டால் வருடம் இருபது பேராவது. பெரும்பாலும் அறுபது தாண்டியவர்கள். நாலைந்து மாதத்தில் மளமளவென்று எல்லாம் மறந்து, கைகால் வெட்டி வெட்டி இழுத்து, முடிந்துவிடும். நம் வீடுகளில் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்று சொல்லி மூடிவிடுகிறோம். மறதி வாரக்கணக்கில் வேகமாகக் கூடினால் நரம்பியல் வைத்தியரிடம் காட்டுங்கள். குணப்படுத்த மருந்து இன்னும் இல்லைதான். ஆனால் அதே மாதிரி தோற்றம் காட்டும், குணப்படுத்தக்கூடிய வேறு நோய்களும் இருக்கின்றன. நீராவியிலும் முழுக்கப் போகாத பிரியான் மூளை அறுவைச் சிகிச்சைக் கருவிகளில் தங்கிவிடக்கூடும்; வைத்தியர்கள் அதை முன்கூட்டியே யோசிக்கவும் நோயின் பெயர் தெரிய வேண்டும்.

ஆகவே குரல்பதிவை அனுப்பிய பெயர் தெரியாத அண்ணருக்கு: வீட்டுக்காரிக்கு அடுப்பு வேலையைக் கூட்டாதீர்கள். தீவன மூட்டையில் என்ன இருக்கிறது, அதை யார் பரிசோதிக்கிறார்கள், அந்த அறிக்கை நம் கையில் ஏன் இல்லை என்று கேட்டு ஒரு குரல்பதிவு போடுங்கள். நானே ஊர் முழுக்க அனுப்பிவிடுகிறேன்.

இதையெல்லாம் அம்மாவிடம் குசினி வாசலில் நின்று மூச்சுவிடாமல் சொன்னேன். வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்ப ரெண்டு விசில் காணுமோ?"