5,850 என்ற எண்ணைப் பற்றி ஒரு திருத்தம்

அமெரிக்காவில் 2015-இல் பதிவான வெறுப்புக் குற்றச் சம்பவங்கள் (இனம், மதம் போன்றவற்றின் மீதான வெறுப்பால் செய்யப்படுபவை) 5,850 மட்டுமே என்பதால், சமூக அமைப்புகள் திரட்டும் புகார்கள் மிகையானவை என்று ஒருவர் எழுதியுள்ளார். எண் சரிதான், முடிவு சரியன்று. அது உள்ளூர்க் காவல் துறைகள் விரும்பினால் மட்டும் நாட்டின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.க்கு அனுப்பும் விவரங்களின் கூட்டுத்தொகை; அவ்வாண்டு பங்கேற்ற சுமார் 15,000 துறைகளில் பெரும்பாலானவை ‘பூஜ்யம்’ என்றே எழுதி அனுப்பின. மாறாக, மக்களிடமே நேரடியாகக் கேட்டறியும், அமெரிக்க அரசின் நீதித்துறைப் புள்ளியியல் பிரிவின் ஆய்வு, 2004 முதல் 2015 வரை ஆண்டுக்குச் சராசரியாக 2,50,000 பாதிப்புகள் என்றும், 2011 முதல் 2015 வரை நிகழ்ந்தவற்றில் பாதிக்கு மேற்பட்டவை காவல் துறையை எட்டவே இல்லை என்றும் மதிப்பிடுகிறது (இரண்டும் ஒரே அளவுகோல் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்). அப்பிரிவு 2017 ஜூனில் வெளியிட்ட அறிக்கை அதன் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, எஃப்.பி.ஐ. தளத்தின் 2015 அட்டவணைகளில் உங்கள் ஊரின் பெயருக்கு நேரே என்ன இருக்கிறது என்றும் பார்க்கலாம்.