பாஸ்பரஸ் நீக்கத்தின் நாயகன் அசினெட்டோபாக்டர் அல்ல

"கழிவுநீரிலிருந்து பாஸ்பரஸை அகற்றும் பாக்டீரியா அசினெட்டோபாக்டர்தான்" என்ற தகவல் இன்னும் பகிரப்படுகிறது. இது தவறு.

1975-இல் ஃபூஸ், சென் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டியின் நுண்ணுயிர்க் கசடிலிருந்து அசினெட்டோபாக்டரை வளர்த்தெடுத்தார்கள். நம்பிக்கை அங்கே வேரூன்றியது. ஆனால் ஆய்வகத் தட்டில் செழிப்பாக வளர்வதெல்லாம் தொட்டியிலும் பெரும்பான்மையாக இருக்க வேண்டியதில்லை. பின்னாளில் கசடிலுள்ள பாக்டீரியாக்களை வளர்க்காமலே, செல்களின் ரைபோசோம் ஆர்என்ஏவில் ஒளிரும் டிஎன்ஏ துணுக்குகளை ஒட்டவிட்டு நுண்ணோக்கியில் எண்ணினார்கள். அசினெட்டோபாக்டர் சொற்பமே! கொத்துக் கொத்தாக ஒளிர்ந்தது 1999-இல் அக்யூமுலிபாக்டர் எனப் பெயரிடப்பட்ட உயிரி. சுத்திகரிப்பின் காற்றில்லாத கட்டத்தில் அது அசிடேட் என்னும் கரிம உணவை உள்வாங்கி, பாஸ்பரஸைப் பாஸ்பேட் வடிவில் வெளிவிடும். காற்று கிடைத்ததும், விட்டதைவிட அதிகமாக எடுத்துச் சேமிக்கும். அசினெட்டோபாக்டரின் தனி வளர்ப்புகளில் இந்தச் சுழற்சி தென்படவில்லை. பல சுத்திகரிப்பு நிலையங்களில், பாஸ்பரஸைச் சேமிக்கும் இன்னொரு பாக்டீரியாவான டெட்ராஸ்பேராவும் ஏராளம். தட்டு வளர்ப்பு முடிவை மட்டும் நம்பி எந்த உயிரிக்கும் இந்தப் பட்டத்தைச் சூட்டாதீர்கள்.