நாளும் நேரமும் சொல்லி அழையுங்கள்

நான் வாழும் இந்த வெளிநாட்டில் கோடைக்கால நேரம் முடிவதால், வரும் ஞாயிற்றுக்கிழமை அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளப்போகிறார்கள். இங்கே நெடுங்காலமாக இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரத் தூக்கம், அவ்வளவுதான். இந்த ஆண்டு புதிதாக வந்து இறங்கியவர்களுக்கு அப்படி இல்லை. வெள்ளிக்கிழமை வேலை முடித்து வெளியே வந்தபோது வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்திருக்கும். திங்கட்கிழமை அதே நேரத்தில் கதவைத் திறந்தால் இருட்டு. ஊருக்குத் தொலைபேசியில் பேசும் நேரமும் தடம் மாறிவிடும். என் முதல் ஆண்டில் அந்த ஞாயிறன்று அம்மா வழக்கமான நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "அங்கே நேரம்கூடவா மாறும்?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த பதற்றம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இதை நான் புதியவர்களுக்காக எழுதவில்லை. அவர்களுக்கு அறிவுரை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஐந்து, பத்து, இருபது ஆண்டுகளாக வெளிநாட்டில் வேர்விட்டுவிட்ட நம் போன்றவர்களுக்காக எழுதுகிறேன். ஒன்றைத்தான் கேட்கப்போகிறேன். அதற்கு முன் அந்த முதல் குளிர்காலம் எப்படி இருந்தது என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் நாம் மறந்துவிட்டோம்.

குளிரை நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன். நல்ல மேலங்கியும் காலணியும் வாங்கிவிட்டால் குளிர் பெரும்பாலும் கட்டுக்குள் வந்துவிடும். ஆளை உள்ளுக்குள் அரிப்பது வெளிச்சக் குறைவு. பூமி 23.4 பாகை சாய்ந்து சுற்றுவதால் பருவங்கள் வருகின்றன என்று பள்ளியில் எல்லோரும் படித்தோம். ஆனால் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பகல் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். அங்கே பிறந்து வளர்ந்தவருக்கு அந்தச் சாய்வு ஒரு படம், ஒரு மதிப்பெண். வடக்கே 60 பாகையில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. மிக நீண்ட பகல் கிட்டத்தட்ட 19 மணி நேரம். இலையுதிர் காலத்தில் நாளொன்றுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் பகல் தேய்ந்துகொண்டே போகும். ஒரு வாரத்தில் அரை மணி நேரத்துக்கும் அதிகம். வங்கிக் கணக்கிலிருந்து யாரோ சிறுகச் சிறுக எடுப்பதுபோல, கவனிக்கும் நேரத்தில் பாதி போயிருக்கும்.

இந்தச் சோர்வுக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. பருவகால மனச்சோர்வை 1984இல் விவரித்து எழுதியவர் நார்மன் ரோசன்தால் என்ற மனநல மருத்துவர். அவரே குடிபெயர்ந்தவர்தான். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 1976இல் நியூயார்க்குக்கு வந்து, முதல் குளிர்காலத்தில் தன் உற்சாகம் வடிவதைத் தன் உடம்பிலேயே உணர்ந்தவர். காலையில் 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) விளக்கின் முன் அரை மணி நேரம் உட்காரும் சிகிச்சை இன்று பரவலாக இருக்கிறது. வீட்டு விளக்கில் கிடைப்பது சில நூறு லக்ஸ்தான். நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. "எனக்கு இந்த நாடு ஒத்துவரவில்லை", "நான் தைரியமில்லாதவன்", "வந்ததே தவறு" என்று தங்கள் மீதே பழி போட்டுக்கொள்கிறார்கள். காரணத்தில் ஒரு பங்கு சூரியனுடையது என்று அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டாமா?

இதன் மேல் இன்னொன்று வந்து விழுகிறது. 1955இல் ஸ்வேரே லிஸ்கார்ட் என்ற நார்வேக்காரர், அமெரிக்கா சென்று திரும்பிய தன் நாட்டு ஆய்வாளர்களையும் மாணவர்களையும் பற்றி எழுதினார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும் நன்றாக இருந்தார்கள், பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாக இருந்தார்கள். இடையில் இருந்தவர்கள்தான் வாடியிருந்தார்கள். நன்றாகத் தொடங்கி, இடையில் தாழ்ந்து, பிறகு மீளும் இந்த வளைவு எல்லோருக்கும் பொருந்துவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. எனக்குப் பொருந்தியது. வடக்கே உள்ள குளிர்நாடுகளில் கல்வியாண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்குகிறது. அதையொட்டி வருபவர்கள் ஏராளம். அவர்களுக்குப் புதுமை தீரும் மாதமும் பகல் தீரும் மாதமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. வந்த புதிதில் ஒவ்வொரு நாளும் அழைத்துப் பேசிய ஊர் நண்பர்கள் வாரம் ஒருமுறைக்கு மாறியிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கும் வாழ்க்கை இருக்கிறது. இங்கேயோ இன்னும் யாரும் இல்லை.

"நீதான் நாலு பேரிடம் போய்ப் பழக வேண்டும்" என்று எனக்குச் சொல்லாதவர் கிடையாது. இந்தப் பேச்சை நான் இன்று மனதார வெறுக்கிறேன். நட்புக்கு முதலில் வேண்டியது துணிச்சல் என்று நினைத்துச் சொல்லப்படும் அறிவுரை அது. வேண்டியது நேரம். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அண்மையில் இடம் மாறியவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் கேட்டிருந்தார். முகம் தெரிந்தவர் ஓரளவு நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல் என்று கண்டார். வேலையிடத்தில் கழியும் மணிகள் இந்தக் கணக்கில் அவ்வளவாக ஏறுவதில்லை. நாள் முழுக்க அலுவலகத்தில் நாற்பது பேரோடு இருந்துவிட்டு, தனியாக வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டவர்களுக்கு இது உடனே புரியும்.

அந்த 200 மணி நேரம் எங்கிருந்து வரும்? எனக்கு வரத் தொடங்கியது எங்கள் குடியிருப்பின் அடித்தளத்தில் இருக்கும் துணி துவைக்கும் அறையிலிருந்து.

இரண்டு இயந்திரங்கள், ஒரு மர பெஞ்சு. சுவரில் ஒரு தாள், அதன் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்ட பென்சில். யாருக்கு எந்த நேரம் என்று அந்தத் தாளில் எழுத வேண்டும். வியாழக்கிழமை மாலை ஆறரைக்கு முதல் இயந்திரத்தில் எப்போதும் ஒரே பெயர். கீழ்த்தளத்தில் தனியாக வசிக்கும் ஒரு மூதாட்டி. நான் தற்செயலாக இரண்டாவது இயந்திரத்தில் என் பெயரை எழுதினேன். முதல் ஐந்தாறு வாரம் நாங்கள் தலையசைத்ததோடு சரி. ஒருநாள் அவர் ஒரு பெரிய படுக்கை விரிப்பை எடுத்து, மறுமுனையைப் பிடிக்கும்படி சைகை காட்டினார். இரண்டு முனைகளையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம், மடித்தோம். ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து என் முனையை அவர் கையில் கொடுத்தேன். மீண்டும் கீழே குனிந்து மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அதன் பிறகு எல்லா வியாழக்கிழமையும் அவருடைய விரிப்பும் என்னுடைய விரிப்பும் இருவர் கையால்தான் மடிந்தன. விரிப்பு, மடிப்பு, ஈரம், சூடு, நாளை, அடுத்த வாரம் — இந்த நாட்டு மொழியில் எனக்குத் தயங்காமல் வந்த முதல் சொற்கள் அந்த அறையில் கற்றவை. தவறாகச் சொன்னால் அவர் திருத்துவார். ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை. வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம், செப்டம்பரிலிருந்து மே வரை. கூட்டிப் பார்த்தால் 50 மணி நேரத்தைத் தாண்டுகிறது.

ஜனவரியில் ஒருநாள் வாசல் படியிலிருந்து நான் பனிக்கட்டியின் மேல் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, செருப்பை மாற்றிக்கொண்டு வெளியே வந்தார். கைகளை மேலங்கிப் பையிலிருந்து எடுக்கச் சொன்னார். பாதத்தைத் தட்டையாக வைக்க வேண்டும், அடி சிறியதாக இருக்க வேண்டும், உடம்பின் பாரம் முன்காலில் விழ வேண்டும். எண்பதை நெருங்கும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடத்திக் காட்டினார். அம்மா எனக்கு நடை பழக்கியது எனக்கு நினைவில்லை. இது நினைவில் இருக்கிறது.

இப்படி அமைவது வெறும் அதிர்ஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் மாணவர் குடியிருப்பு ஒன்றைப் பற்றி ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் என்ற மூவர் 1950இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. ஒரே தளத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்களில் ஏறத்தாழ 41 விழுக்காட்டினர் ஒருவரையொருவர் நண்பர் என்றார்கள். அதே தளத்தின் இரண்டு ஓரங்களில் இருந்தவர்களிடம் அது 10 விழுக்காடு. மாடிப்படி அருகே குடியிருந்தவர்களுக்கு மேல்தளத்திலும் நண்பர்கள் அதிகம். குணமும் ரசனையும் பொருந்துவதற்கு முன்பே, திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது வேலையைத் தொடங்கிவிடுகிறது.

அதனால்தான் நம்மிடம் கேட்கிறேன். புதிதாக வந்தவரிடம் அந்தத் திரும்பத் திரும்ப வரும் நேரம் இல்லை. நம்மிடம் இருக்கிறது. அதில் ஒரு பங்கை நாம்தான் திறந்து கொடுக்க வேண்டும்.

நான் வந்த முதல் மாதம் நம்மவர் ஒருவர் அன்போடுதான் சொன்னார்: "ஒருநாள் வீட்டுக்கு வாங்க தம்பி." நான் அந்த ஒருநாளுக்காக மூன்று மாதம் காத்திருந்தேன். அவர் மறந்திருப்பார், கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எப்போது என்று சொல்லாத அழைப்பைப் புதியவன் எப்படிப் பயன்படுத்துவான்? தானாக அழைத்துக் கேட்டால் தொந்தரவு என்று நினைப்பார்களோ என்ற கூச்சமே அவனைக் கட்டிப் போட்டுவிடும். பிப்ரவரியில் இன்னோர் அக்கா அழைத்தார். "வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வா. நிறுத்தத்தில் நானே நிற்கிறேன். நாங்கள் வெள்ளிக்கிழமைதோறும் கூடுகிறோம், நீ சும்மா உட்கார்ந்திருந்தாலும் போதும்." அவர் சொன்னபடியே நின்றார். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் "இன்றும் ஆறு மணி" என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அந்த இரண்டாவது செய்திக்காக அவருக்கு நான் வாழ்நாள் முழுவதும் கடன்பட்டிருக்கிறேன். முதல் அழைப்பு மரியாதைக்காக வரலாம். இரண்டாவது அழைப்பு வரும்போதுதான் நம்மை உண்மையாகவே எதிர்பார்க்கிறார்கள் என்பது தெரிகிறது.

நம்மவர்களோடு மட்டும் பழகு என்று ஒரு கட்சி, நம்மவர்களைத் தவிர்த்தால்தான் முன்னேறலாம் என்று ஒரு கட்சி. இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. அக்காவின் வெள்ளிக்கிழமையில் நான் மூச்சு விட்டேன், மூதாட்டியின் வியாழக்கிழமையில் இந்த நாட்டுக்குள் நுழைந்தேன். எதை விட்டிருந்தாலும் நான் திரும்பிப் போயிருப்பேன்.

நம் மொழி ஆண்டை ஆறாகப் பகுத்து, பனிக்காலத்தை முன்பனி, பின்பனி என்று இரண்டாக வைத்திருக்கிறது. இங்கே அந்தப் பெயர்களுக்கு எனக்கு வேறொரு பொருள் கிடைத்தது. ஆண்டின் கடுங்குளிர் பெரும்பாலும் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வருகிறது, ஆனால் டிசம்பர் பிற்பகுதியிலேயே பகல் வளரத் தொடங்கிவிடுகிறது. முன்பனியில் வெளிச்சமும் போகிறது, குளிரும் ஏறுகிறது. பின்பனியில் குளிர் நீடித்தாலும் வெளிச்சம் திரும்பிக்கொண்டிருக்கிறது. ஆள் வேண்டியிருப்பது முன்பனியில். இளவேனிலில் எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள், பூங்காவில் இடம் கிடைக்காது, அப்போது யாரும் யாரையும் தேட வேண்டியதில்லை. எனவே அழைப்பதென்றால் இப்போது, இந்த வாரம். தென்னரைக்கோளத்தில் இருப்பவர்கள் மாதங்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

கடுமையாக வாடியிருப்பவரைப் பார்த்தால் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு நட்பு மாற்று ஆகாது.

எங்கள் மூன்றாவது மாடிக்குப் போன மாதம் ஒரு இளைஞர் குடிவந்திருக்கிறார். எந்த நாட்டுக்காரர் என்று இன்னும் தெரியாது. மாடிப்படியில் இரண்டு முறை பார்த்தேன், மெல்லிய காலணி போட்டிருந்தார். துணி துவைக்கும் அறையில் நேற்று இன்னும் ஒரு பென்சில் கட்டிவிட்டு வந்தேன், பழையது கட்டை விரல் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. மூதாட்டிக்கு இப்போது படி இறங்கக் கடினம், அவருடைய துணியையும் நான்தான் கொண்டுபோகிறேன், அவர் பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்வார். வியாழக்கிழமை ஆறரைக்கு இரண்டாவது இயந்திரம் காலியாக இருக்கிறது. இன்று மாலை அந்த இளைஞரின் கதவைத் தட்டிச் சொல்லப்போகிறேன்.