அந்த 300 ரூபாய்

நேற்று எங்கள் பெற்றோர் குரூப்பில் நடந்தது உங்களில் பல பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பள்ளி வேன் கட்டணத்தை ஒரேயடியாக ஏற்ற வேண்டாமே என்று நான் கேட்டதற்கு, குரூப்பில் ஒருவர் ஒரு வரி பதில் போட்டார். "வசதி இல்லைன்னா பக்கத்துல இருக்கிற ஸ்கூல்ல சேர்த்துட வேண்டியதுதானே" என்ற அந்த வரிக்கு நேற்று என்னால் பதில் எழுத முடியவில்லை. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இப்போது எழுதுகிறேன்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பிள்ளைக்கு 1,500 ரூபாயாக இருந்த வேன் கட்டணத்தை 1,800 ஆக ஏற்றும்போது, இரண்டு தடவையாகப் பிரித்து ஏற்ற முடியுமா? எனக்கு இரண்டு பிள்ளைகள். மாதம் 600 ரூபாய் கூடுகிறது. வேன் அண்ணன் மேல் எனக்குக் கோபமே இல்லை. "டீசல் தொண்ணூறைத் தாண்டி எத்தனை வருசமாச்சுங்க, நானும் எத்தனை நாளைக்குங்க கையில இருந்து போடறது" என்று அவர் என்னிடமே கேட்டார். நியாயம்தானே?

நான் சொல்ல வந்தது இதுதான்: எங்கள் வீட்டு பட்ஜெட்டை உடைப்பது ஆடம்பரம் இல்லை. குறைக்கவே முடியாத செலவுகள்தான். அந்த ஒவ்வொரு செலவுக்குள்ளும் எரிபொருள் விலை உட்கார்ந்திருக்கிறது.

கோவை சரவணம்பட்டியிலிருந்து குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டைக்கு வேலைக்காக தினமும் பைக்கில் போய் வருகிறேன். மாதம் 20 லிட்டர் ஆகிறது. முன்பெல்லாம் பங்க்கில் நூறு ரூபாயை நீட்டினால் ஒரு லிட்டருக்கு மேலேயே வரும். இப்போது நூறு ரூபாய்க்குப் போட்டால் மீட்டர் ஒன்றைத் தொடுவதற்குள் நின்றுவிடுகிறது. 0.98. அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றில் ஏதோ செய்கிறது.

"பஸ்ஸில் போங்க" என்பீர்கள். என் மனைவி டவுன் பஸ்ஸில்தான் போகிறாள். பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது எங்கள் வீட்டுக்குப் பெரிய உதவி, அதை மனதாரச் சொல்கிறேன். ஆனால் எனக்குக் கணக்கு முடித்துக் கிளம்ப ராத்திரி ஒன்பது ஆகும். காந்திபுரத்தில் பஸ் மாறி வீடு சேர்வதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். "எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்குங்க" என்கிறார் ஒருவர். லட்ச ரூபாய்க்கு நான் எங்கே போவேன்?

"வரி வாங்காமல் ரோடு எப்படிப் போடுவது" என்றும் ஒரு நண்பர் கேட்டிருந்தார். சரி, வாங்கட்டும். ஆனால் 2014 மே மாதம் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய கலால் வரி 9 ரூபாய் 48 காசு. 2020 மே மாதம் அது 32 ரூபாய் 98 காசு. கொரோனா வந்து உலகம் முழுக்கக் கச்சா எண்ணெய் விலை சரிந்து கிடந்த நேரம் அது. எங்களுக்கு பாதிச் சம்பளம். அந்த நேரத்தில்தான் வரியை ஏற்றினார்கள். அப்புறம் 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலுமாக 13 ரூபாய் குறைத்தார்கள். குறைத்த பிறகும் பழைய வரியைப் போல இரண்டு மடங்கு! மாநில அரசு 2021 ஆகஸ்டில் 3 ரூபாய் குறைத்தது, அதையும் மறுக்கவில்லை. ஆனால் ஜிஎஸ்டிக்குள் பெட்ரோலைக் கொண்டுவரும் பேச்சு வந்தாலே இரண்டு பக்கமும் நழுவுகிறார்களே, அது ஏன்? விலை ஏறினால் உலகச் சந்தையைக் கை காட்டுகிறார்கள். இறங்கினால் அந்த லாபம் எங்கள் கைக்கு வருவதில்லை. என் கோபம் இதுதான்.

ஊட்டி கேரட்டும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு டீசல் குடித்துத்தான் வருகின்றன. கேஸ் சிலிண்டருக்கு 2025 ஏப்ரலில் ஒரே நாளில் 50 ரூபாய் ஏற்றினார்கள். நூறு, இருநூறு என்று வந்துகொண்டிருந்த மானியம் பேருக்குச் சில்லறையாகச் சுருங்கிவிட்டது. என் மனைவி கொண்டைக்கடலையை முதல் நாளே ஊற வைப்பாள், சரி, அது எல்லா வீட்டிலும் உண்டு. இப்போது துவரம்பருப்பையும் ஊற வைக்கிறாள். ஒரு விசில் மிச்சமாகுமாம். அடுப்பை அணைத்த பிறகும் சூடாக இருக்கும் பர்னர் மேல் குளிக்கிற தண்ணீரை வைக்கிறாள். இவளைப் பார்த்தா "வசதி இல்லைன்னா" என்கிறீர்கள்?

நாங்கள் யாரிடமும் இலவசம் கேட்டு நிற்கவில்லை. வாடகை, பீஸ், மாமியாரின் சர்க்கரை மாத்திரை எல்லாம் தேதி தவறாமல் கட்டுகிறோம். கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்கிறோம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கொஞ்சம் பிரித்து ஏற்றலாமா என்று வாய் திறந்து கேட்டேன். அதற்கா பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் மாற்றச் சொல்வது? என் மூத்தவள் என் தோள் பக்கம் நின்று அந்த மெசேஜைப் படித்துவிட்டாள். "நான் சைக்கிள்ல போயிக்கிறேன்ப்பா" என்றாள். பதினொரு வயது. சத்தி ரோட்டில் காலை எட்டரை மணி டிராபிக்கில் சைக்கிள்!

வேன் அண்ணனுக்கு 600 ரூபாயையும் சேர்த்து நேற்று ராத்திரியே அனுப்பிவிட்டேன். குரூப்பில் அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது. கீழே ஆறு பேர் கட்டைவிரல் போட்டிருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேரின் பிள்ளைகள் என் பிள்ளைகளோடு அதே வேனில்தான் வருகிறார்கள்.